சி.டி. ஸ்கேனுக்குப் போகுமுன் வாய் திறந்து பேசுங்கள்!



"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சம்பள விஷயத்திலும் வீட்டு விஷயத்திலும் சங்கம் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடமும் அதுதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் நம்மில் பலருக்கு அந்த வாய் அடைத்துப் போகிறது. அந்தக் காலத்தில் துரையின் முன்னால் நின்ற மாதிரி, டாக்டர் கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்று தலையாட்டிவிட்டு வந்து விடுகிறோம். இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய ஓர் இடம் உண்டு. அதுதான் சி.டி. ஸ்கேன் அறை.

நான் குடியிருப்பது சிங்கப்பூரில் காத்தோங் வட்டாரம். இன்று இங்கே கடைகளும் மாடி வீடுகளும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் காத்தோங் கடற்கரைப் பக்கமெல்லாம் தென்னந்தோட்டங்கள். சிங்கப்பூரின் முதல் போலீஸ் கமிஷனராக இருந்த தாமஸ் டன்மன் என்ற வெள்ளைக்காரரின் 'குரோவ் எஸ்டேட்' இங்கேதான் இருந்தது. தோட்டம் போய்விட்டது, தோட்டத்து உறவு மட்டும் போகவில்லை. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நம்மவர்கள் பாலம் கடந்து வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படி வந்தவர்தான் என் சின்னம்மா. நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். வந்த இடத்தில் வயிற்று வலி கண்டு, டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தாதி வந்து, "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று கேட்டார். சின்னம்மா "இல்லை" என்று தலையாட்டினார். தாதி எழுதிக்கொண்டு போய்விட்டார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சின்னம்மா என் காதோரம் சொல்கிறார்: "ஏம்பா, அந்தக் காலத்துல எங்க ஊரு பெரியாஸ்பத்திரியில இதே மாதிரி ஒரு வளையத்துக்குள்ள படுக்க வச்சு ஊசி போட்டாங்க. உடம்பெல்லாம் தடிச்சுப் போயி மூச்சு முட்டிப் போச்சுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சின்னம்மா, இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலே?" என்றேன்.

"நல்லா இருக்கே! அவங்களுக்குத் தெரியாததா? நான் போயி என்னத்தைச் சொல்றது!"

உடனே உள்ளே போய்ச் சொன்னோம். அன்றைக்கு ஸ்கேனை நிறுத்தி வைத்தார்கள். இரவிலிருந்தே சில மாத்திரைகளைக் கொடுத்து, மறுநாள் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஒரு குறையும் வரவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருந்தால்? அதை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சி.டி. ஸ்கேன் என்பது என்ன?

நம்மவர்கள் எல்லாவற்றையும் 'ஸ்கேன்' என்ற ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். அவை ஒன்றல்ல. கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் பசை தடவிப் பார்ப்பது ஒலி அலை ஸ்கேன். அதில் கதிர் கிடையாது. நீண்ட குழாய்க்குள் படுக்க வைத்து 'டொக் டொக்' என்று சத்தம் வருவது எம்.ஆர்.ஐ.; அது காந்தத்தால் வேலை செய்வது. சி.டி. என்பது பெரிய வளையம் போலிருக்கும் மெஷின். அது எக்ஸ்ரே கதிரால் வேலை செய்கிறது.

சாதாரண எக்ஸ்ரே என்பது சுவரில் விழும் நிழல் மாதிரி. பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் சுவரில் ஒரே நிழல்தான் தெரியும். நடுவில் நிற்பவர் யாரென்று சொல்ல முடியாது. இருட்டோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் தோழர் என்ன செய்கிறார்? மரத்தைச் சுற்றி வந்து வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார். சி.டி. மெஷினும் அப்படித்தான். வளையத்துக்குள் இருக்கும் எக்ஸ்ரே விளக்கு நம் உடம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உடம்பைத் தாண்டி வந்தது என்று எதிர்ப்பக்கம் இருக்கும் கருவி அளக்கிறது. அந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்து, ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தாற்போல உடம்பின் உட்புறத்தைப் படம் படமாகக் காட்டுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்டர் அல்ல, ஓர் என்ஜினியர். இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர். அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் போட்ட இசைத்தட்டுகளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே கம்பெனிதான்! 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக இந்தப் படம் எடுத்தார்கள். இதற்கான கணக்கு முறையைத் தனியாக ஆராய்ந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மேக். இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஒரே ஒரு துண்டுப் படம் எடுக்கப் பல நிமிடங்கள் ஆயின. இன்று நெஞ்சு முழுவதையும் சில விநாடிகளில் எடுத்து விடுகிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்கேன் வைத்தியம் அல்ல. "ஸ்கேன் எடுத்தாச்சு, இனி சரியாப் போயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்கேன் நோயைக் காட்டும். தீர்ப்பது அதற்குப் பின் வரும் சிகிச்சைதான்.

ஊசி மருந்து எதற்கு?

எல்லா சி.டி. ஸ்கேனுக்கும் ஊசி வேண்டியதில்லை. தலையில் அடிபட்டால், சிறுநீரகக் கல் இருந்தால், பெரும்பாலும் ஊசி இல்லாமலே பார்ப்பார்கள். ரத்தக் குழாய், கட்டி, ஈரல், குடல் இவற்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அயோடின் கலந்த ஒரு மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

அந்த மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி வரும். சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போயிருக்காது, பயப்பட வேண்டாம். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அரிப்பு, தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், ஊசி குத்திய இடத்தில் கடுமையான வலி அல்லது வீக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே குரல் கொடுங்கள். உங்கள் குரல் வெளியே இருப்பவருக்குக் கேட்கும். அதற்கான மைக் உள்ளேயே இருக்கிறது.

கடுமையான ஒவ்வாமை வருவது அபூர்வம். இருந்தாலும் முன்பு ஒருமுறை இதே ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

படுக்குமுன் சொல்ல வேண்டியவை

முதலாவது, ஒத்துக்கொள்ளாத மருந்து. பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "இந்த வருஷம், இந்த ஊர் ஆஸ்பத்திரியில், ஊசி போட்டதும் இப்படி ஆனது" என்று சொன்னால் போதும். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்லலாம். ஆனால் அதற்காக மட்டும் ஸ்கேனை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, சிறுநீரகம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. இனிப்பு நீர் வியாதியும் ரத்தக் கொதிப்பும் பல வருஷமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டிருக்கலாம். ஆகவே முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும் மறைக்காதீர்கள். அவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிப்பவை. "திட்டுவாங்களோ" என்று மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்றாவது, சீனி மாத்திரை. இனிப்பு நீருக்கு நம்மில் மிகப் பலர் சாப்பிடுவது மெட்ஃபார்மின். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக உள்ளவர்களுக்கு ஊசி போட்ட பின் 48 மணி நேரம் அதை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் அப்படியல்ல. நீங்களாக நிறுத்தாதீர்கள்; நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், "அன்றைக்கு இன்சுலினை என்ன செய்வது?" என்று முன்கூட்டியே கேளுங்கள். சாப்பிடாமல் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டால் மயங்கி விழ நேரிடும். காலையில் முதல் ஆளாக எடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, கர்ப்பம். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறாரே என்று கூச்சமாக இருந்தால், "தாதியிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒலி அலை ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று டாக்டர் யோசிப்பார். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் சி.டி. எடுக்கத்தான் வேண்டும், அப்போது தயங்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். பாலில் கலப்பது மிகமிகச் சொற்பம். பொதுவாகப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

ஐந்தாவது, பழைய படங்கள். ஜொகூரில் எடுத்த படம் சிங்கப்பூர் டாக்டரின் கம்ப்யூட்டரில் தானாக வந்து நிற்காது. வட்டத் தட்டில் பதிந்து கொடுத்த படத்தையும் அறிக்கைத் தாளையும் கையோடு கொண்டு போங்கள். பழைய படமே போதும் என்றால் ஒரு ஸ்கேன் மிச்சம். காசும் மிச்சம், கதிரும் மிச்சம்.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

பெண்களை அதிகம் கலங்க வைப்பது இந்தக் கேள்விதான். "இத்தனை வருஷமா கழுத்தை விட்டு இறக்காத தாலியை இறக்கச் சொல்றாங்களே" என்று கண் கலங்கி, ஸ்கேனே வேண்டாமென்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

விஷயம் இதுதான். சி.டி. ஸ்கேனில் உலோகம் ஆபத்து செய்யாது. ஆனால் படத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடு விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்து விடும். கழுத்தையோ நெஞ்சையோ படம் எடுப்பதானால் தாலியைக் கழற்றத்தான் வேண்டும். தலையை எடுப்பதானால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றி மாட்டும் பல்செட்டு. வயிற்றை எடுப்பதானால் அரைஞாண், பெல்ட்டு, தாயத்து. எந்தப் பகுதியை எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தாலி அந்தப் பகுதியில் வராவிட்டால் அப்படியே இருக்க விடுவார்களா என்றும் கேட்கலாம். கழற்ற வேண்டி வந்தால், ஒரு மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொண்டு, பொன்னைத் துணியில் முடிந்து கூட வந்தவர் கையில் கொடுங்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

எம்.ஆர்.ஐ.க்கு இந்தச் சட்டம் வேறு. அங்கே உலோகம் உயிராபத்து. அதனால் எந்த ஸ்கேன் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்?

ஒரு பலகையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். பலகை வளையத்துக்குள் போய் வரும். வளையம் அகலமானது, மூடிய குழாய் அல்ல. வலி இல்லை. படம் எடுப்பவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். ஆனால் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். "மூச்சை இழுங்கள், அடக்குங்கள், விடுங்கள்" என்று மெஷின் பேசும். அது ஆங்கிலத்திலோ சீனத்திலோ பேசினால் திகைத்துப் போவோம். ஆகவே படுக்குமுன்பே, "தமிழில் சொல்லுங்கள்" அல்லது மலாயில் "தாரிக் நாஃபாஸ், தஹான்" என்று சொல்லச் சொல்லி ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும். மறுபடி எடுக்க நேரலாம். ஊசி போட்டவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்புவார்கள். அவசரப்பட்டு ஓடாதீர்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் தவிர, அன்று நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கதிர் பயம்

"ஸ்கேன் எடுத்தா புற்றுநோய் வரும்" என்று சொல்பவர்களும் உண்டு; "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லா மனிதருக்கும் இயற்கையாகவே கதிர் படுகிறது. உலக சராசரி வருஷத்துக்கு ஏறக்குறைய 2.4 மில்லி சீவர்ட். தலை ஸ்கேன் ஒன்றுக்குச் சுமார் 2 மில்லி சீவர்ட். அதாவது ஏறக்குறைய ஒரு வருஷத்து இயற்கைக் கதிர். வயிற்று ஸ்கேனுக்கு 8 முதல் 10 வரை. அது மூன்று, நான்கு வருஷத்து அளவு. நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. இதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவே கூடுகிறது. நோயைக் கண்டுபிடிக்க உண்மையாகவே தேவைப்படும்போது கிடைக்கும் நன்மை அதைவிடப் பல மடங்கு பெரிது. தேவையில்லாமல் எடுத்தால் அந்தச் சிறிய ஆபத்தும் வீண்தான். பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். "என் பிள்ளையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவு வைத்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதால் யாருக்கும் குறைவில்லை.

யோசிக்க நேரமில்லாத ஒரு வேளை

இதுவரை சொன்னதெல்லாம் நாள் குறித்து எடுக்கும் ஸ்கேனுக்கு. திடீரென்று ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்து, பேச்சு குழறினால், அது பக்கவாதம். மூளையில் ரத்தக் குழாய் அடைத்தாலும் இதே அடையாளம், வெடித்து ரத்தம் கசிந்தாலும் இதே அடையாளம். வெளியே பார்த்து எந்த டாக்டராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தை ரத்தக் கசிவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எது என்று பிரித்துச் சொல்வது சி.டி. ஸ்கேன். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஆகவே பூசாரியையும் மந்திரிப்பவரையும் தேடி ஓடாதீர்கள். சோடா கொடுக்காதீர்கள், மாத்திரை கொடுக்காதீர்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995-க்குக் கூப்பிடுங்கள். எல்லாச் சிறிய ஆஸ்பத்திரிகளிலும் இந்த மெஷின் இருக்காது. "பக்கவாதம் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

செலவும் கையெழுத்தும்

சிங்கப்பூர் அரசாங்கத்தின் மருத்துவச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அவர்கள்கூட மெரின் பரேட் பலதுறை மருந்தகம் போன்ற இடத்தில் முதலில் டாக்டரைப் பார்த்து, அவர் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால்தான் செலவு குறையும். பிள்ளையைப் பார்க்க வந்த மலேசியத் தோழர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். அவசரமில்லாத ஸ்கேனாக இருந்தால் ஊருக்குத் திரும்பி அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுப்பதே கைக்கு அடக்கம். எங்கே எடுத்தாலும், "மொத்தம் எத்தனை வெள்ளி? ஊசிக்குத் தனியா?" என்று முன்னாலேயே கேளுங்கள்.

ஊசிக்கு முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் கைநாட்டு வைத்து நம் பாட்டன்மார் பட்ட பாடு போதும். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழிலோ மலாயிலோ சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, அறிக்கை. அவசர ஸ்கேன் தவிர மற்றவற்றுக்குப் பதில் வரச் சில நாளாகலாம். "கூப்பிடவில்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த டாக்டரிடம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

1. எந்த ஸ்கேன்? எந்தப் பகுதி? ஊசி உண்டா?
2. முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்லுங்கள்.
3. சிறுநீரகம், இனிப்பு நீர், ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள்.
4. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம், நாட்டு மருந்தையும் சேர்த்து, பையில் போட்டுக் கொண்டு போங்கள்.
5. கர்ப்பமாக இருக்கலாம் என்றால் சொல்லுங்கள்.
6. பழைய படமும் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.
7. நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.
8. பதில் எப்போது, யாரிடம் என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.

என் சின்னம்மா இப்போது தோட்டத்துக்கே திரும்பி நலமாக இருக்கிறார். அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரை டாக்டரிடம் எழுதி வாங்கி, அடையாளக் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கேட்பதற்கு முன்பே அதை எடுத்து நீட்டி, "முதல்ல இதைப் படிங்கம்மா" என்கிறார்.